நான்காம் வகுப்பு வரைந்த ஆரணி

பெரிய டி.வி. வந்த அட்டைப்பெட்டி ஒன்றை நான்கு மூலையிலும் அறுத்துப் பிரித்து, நான்காம் வகுப்பின் தரையில் பாய் மாதிரி விரித்திருந்தார்கள். அதைச் சுற்றிப் பத்தொன்பது பிள்ளைகள் மண்டி போட்டிருந்தார்கள். மைதாப் பசையின் வாசனை வராந்தா வரைக்கும் வந்தது.

"தாத்தா, காலை எடுங்க. பஸ் ஸ்டாண்டு மேல நிக்கிறீங்க."

எடுத்தேன். என் பெருவிரலுக்குக் கீழே நாலு தீப்பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றின் நெற்றியில் வேலூர், ஒன்றில் சேத்துப்பட்டு, ஒன்றில் சென்னை. நாலாவதில் ஒன்றும் எழுதவில்லை. அது டிப்போவுக்குப் போகிற வண்டியாம்.

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியதெல்லாம் நான் ஜெயித்த கதைகள். முதல் தறி, நாற்பதாவது தறி, கடை வைத்தது, வீடு கட்டியது. இந்த வாரம் கொஞ்சம் வேறு மாதிரி. இது பழங்கதையும் இல்லை, சமீபத்தில் நடந்ததுதான். மழைக்காலம் முடிந்து வெயில் இதமாக அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் ஞாபகம். தேதி கேட்காதீர்கள்.

எங்கள் பகுதி ஆரம்பப் பள்ளிக்கு நான் புரவலர். குடிதண்ணீர் மெஷின் நான் கொடுத்தது. சாப்பாட்டுத் தட்டுகள் நான் கொடுத்தது. சுவரில் பேர் எழுதியிருக்கிறது. வாரம் ஒரு தடவை போய் எட்டிப் பார்ப்பேன். யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் போனேன். ஆரணியை அட்டையில் பார்த்தேன்.

கோட்டைக்குத் தீக்குச்சியால் மதில். கோயில் கோபுரத்துக்கு ஐஸ்கிரீம் கப்புகள், ஒன்றன்மேல் ஒன்று. ஏரிக்கு சோப்பு சுற்றி வந்த நீலக் காகிதம். தெருக்கள் எல்லாம் நூல். தறி வீடுகளில் அறுத்துப் போடுகிற துண்டுப் பட்டு நூலைப் பொறுக்கி வந்து, பிள்ளைக்கு ஒரு நிறமாகப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தந்தப் பிள்ளை வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வருகிற வழி அந்தந்த நிறம்.

நான் முதலில் தேடியது என் வீட்டை. நீங்களும் உங்கள் வீட்டைத்தான் தேடுவீர்கள்.

கிடைத்தது. ஒரு மருந்துப்பெட்டி. அதன்மேல் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் இரண்டு வரி: 'நாய் வீடு. எதிர்ப் பக்கமாகப் போகவும்.'

"இது யாரு வீடும்மா?" என்றேன், தெரியாத மாதிரி.

"நாய் வீடு, தாத்தா."

"அதுல மனுசங்க யாரும் இல்லியா?"

பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கையில் அடிஸ்கேலோடு இருந்த ஒரு பெண் பதில் சொன்னாள். இரட்டைப் பின்னல், கன்னத்தில் காய்ந்த பசை.

"இருப்பாங்க தாத்தா. நாங்க பாத்ததில்ல. நாயைப் பாத்துகினேதான் ஓடுவோம்."

மூன்று மாடி வீடு அது. கிரானைட் படி. காரைக்குடியிலிருந்து லாரியில் வரவழைத்த தேக்குக் கதவு. அந்தக் கதவைப் பார்ப்பதற்கென்றே காஞ்சிபுரத்திலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

வகுப்பாசிரியை மலர்விழி டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தெள்ளார் பக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிற பெண். "பவித்ரா, அது ஐயாவோட வீடு" என்றார்.

பவித்ரா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப அதைக் கட்டிப் போடுங்க தாத்தா" என்றாள். மறுபடி குனிந்து பசை தடவ ஆரம்பித்தாள்.

மூன்றாம் வகுப்பில் நான் கற்றது

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன் என்பது இந்தத் தொடர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதை நான் மறைத்ததில்லை. மேடையில் ஏறினால் முதலில் அதைத்தான் சொல்வேன். மூன்றாம் வகுப்பு படித்தவனிடம் இன்றைக்கு என்ஜினீயரிங் படித்த நாலு பேர் வேலை செய்கிறார்கள். இதை எழுதுவதும் என் கைதான். எழுத்துப் பிழையைப் பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

என் காலத்தில் பாடம் என்றால் கத்துவது. வாத்தியார் ஒரு வரி கத்துவார், நாங்கள் நாற்பது பேர் திருப்பிக் கத்துவோம். நன்றாகக் கத்துகிறவன் நன்றாகப் படிக்கிறவன். எனக்கு நல்ல தொண்டை.

சுவரில் ஒரு வரைபடம் தொங்கும். வாத்தியாரின் பிரம்பு எங்கே தொடுகிறதோ அங்கே ஊர் இருக்கும். "தில்லி" என்பார். "தில்லி" என்போம். ஆரணி அதில் இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டேன். அதே பிரம்பு என் முழங்காலைத் தொட்டது. அதோடு கேட்கவில்லை.

ஆகவே, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அட்டை வெட்டுவதைப் படிப்பு என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மலர்விழி டீச்சரிடம் அன்றைக்கே கேட்டேன்.

"இது இன்னா பாடம் டீச்சர்?"

"சமூக அறிவியல், கணக்கு, தமிழ், மூணும் இதுல வந்துடுதுங்க" என்றார். "ஒவ்வொரு பிள்ளையும் அவங்க வீட்டு வாசப்படியில ஆரம்பிக்கணும். ஸ்கூல் கேட்டு வரைக்கும் தப்படி எண்ணணும். சோத்தாங்கைப் பக்கம் இன்னா கீது, பீச்சாங்கைப் பக்கம் இன்னா கீதுன்னு நோட்டுல எழுதிகினு வரணும். இங்க வந்து அதையெல்லாம் ஒண்ணா சேர்க்கிறோம். நூறு தப்படிக்கு ஒரு விரற்கடை நூல். அடுத்தவங்களைக் கேட்டுச் சொல்றது எதுவும் கிடையாது. நடந்தது மட்டும்தான்."

"வாசப்படியிலதான் ஆரம்பிக்கணுமா?"

"அதுதாங்க ரூலு."

இரண்டு வாரத்தில் பள்ளியில் கண்காட்சி. கல்வி அலுவலர் வருகிறார். வரைபடத்தின் முன் நின்று விளக்கிச் சொல்லப் பவித்ராவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஏனென்றால் அவள் வழிதான் ரொம்ப நீளம். ஊரில் பாதியை அது தொட்டுக்கொண்டு வருகிறது. அவள் அம்மா அரிசி மில்லில் வேலை. அன்றைக்கு அரை நாள் லீவு இப்போதே சொல்லி வைத்துவிட்டாளாம். பவித்ரா அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

எனக்கு அது காதில் விழுந்தது. ஆனால் மனதில் ஓடிக்கொண்டிருந்தது வேறு. கல்வி அலுவலர் வருவார், படம் எடுப்பார்கள், செய்தித்தாளில் போடுவார்கள். அதில் என் வீடு நாய் வீடு.

மயில் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன

அன்று மத்தியானமே தனகோட்டியைக் கூப்பிட்டேன். தனகோட்டி என்னிடம் பதினைந்து வருஷமாக டிசைன் போடுகிறவன். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் படம் போடுவான். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அந்த அட்டைகள் தறிக்குமேல் ஜக்கார்டு பெட்டியில் சுழலச் சுழல, கீழே சேலையில் மாங்காயும் மயிலும் தானாக விழும்.

"ஆரணியை நெய்யப் போறேன்" என்றேன்.

"ஆரணிப் பட்டுச் சேலையைத்தானே அண்ணே சொல்றீங்க?"

"ஊரை நெய்யப் போறேன்டா. வரைபடம். பட்டுல. நம்ம வீடு மட்டும் சரிகையில."

மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, விரலை நீட்டி நீட்டிச் சொன்னேன். கோட்டை, கோயில், மார்க்கெட், பட்டுக் கடைகள், அரிசி மில்லு, பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை. நான் அறுபத்தெட்டு வருஷமாக இருக்கிற ஊர். எதையும் நடந்து பார்த்து எழுத வேண்டிய அவசியம் எனக்கில்லை. தனகோட்டி லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே வந்தான்.

"ஏரிக்கரை வந்துடுச்சு அண்ணே. அப்பால?"

"அங்க பார்டர் போட்டுடு."

துணி என்றால் ஓரத்தில் பார்டர் வேண்டும். பார்டர் இல்லாத பட்டு பிசிறு பிசிறாகப் போய்விடும். ஏரிக்கரை நீளமாக, நேராக இருக்கிறது. பார்டருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? அரக்குச் சிவப்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் போடச் சொன்னேன்.

இந்த இடத்தில் தறியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டுச் சேலை கட்டுகிறவர்களில் நிறையப் பேருக்கு இது தெரியாது. எங்கள் தறிகளில் சேலை கவிழ்ந்துதான் வரும். நெய்கிறவன் பார்ப்பது துணியின் முதுகு. முகம் தரையைப் பார்த்திருக்கும். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால், தறிக்குக் கீழே நெய்கிறவன் கால் விட்டு உட்காருகிற குழிக்குள் ஒரு கண்ணாடியை நீட்டிப் பார்க்க வேண்டும். வேலை முடிந்து, அறுத்து எடுத்துத் திருப்பும்போதுதான் அது எப்படி வந்திருக்கிறது என்று முழுசாகத் தெரியும்.

அதனால் படம் இடம் வலமாக மாறும். அதைப் பற்றி எங்களுக்குக் கவலை கிடையாது. மயில் இந்தப் பக்கம் பார்த்தால் என்ன, அந்தப் பக்கம் பார்த்தால் என்ன? எந்தக் கல்யாணப் பெண்ணும் மயிலின் மூக்கு எந்தத் திசை என்று கேட்டு வாங்கியதில்லை.

தனகோட்டி கேட்டான். அவன் கேட்டதை நான் இங்கே எழுதாவிட்டால் அது பாவம்.

"அண்ணே, இது துணியில நேரா வரணுமா? அப்படின்னா நான் கம்ப்யூட்டர்ல திருப்பிப் போடணும்."

"தறியைப் பத்தி எனக்கே நீ பாடம் எடுக்கிறியா? போட்டதைப் போட்டபடி குத்தச் சொல்லு."

பல வருஷத்துக்குப் பிறகு நானே தறியில் இறங்கினேன். ஒரு வாரம். என் சம்சாரம் ரேணுகா காப்பி டம்ளரோடு வந்து குழியோரம் நிற்பாள்.

"நாற்பது தறி வச்சிகினு, நாலாங்கிளாஸ் பசங்களோட போட்டி போட்டுகினு உக்காந்திருக்கிற ஒரே ஆளு நீங்கதான்."

"போட்டி இல்ல. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நல்ல பொருள் கொடுக்கிறேன்."

"நாயைக் கட்டிப் போட்டீங்களா?"

"வாட்ச்மேன்கிட்ட சொல்லியிருக்கேன்."

"அதைச் செஞ்சா போதாதா? ஒரு வாரம் குழியில உக்காரணுமா?"

பேஜார் பண்ணாதே என்றேன். போய்விட்டாள்.

பெருமைக்குச் சொல்லவில்லை, வேலை சுத்தமாக வந்தது. ஒரு இழை அறுந்ததில்லை. என் வீட்டுச் சரிகை சூரியன் பட்டால் கண்ணை அடிக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சின்னப் படம், ரேஷன் கடைக்கு மூட்டை, கோயிலுக்குக் கோபுரம் என்று. பேர்கள் மட்டும் நெய்யவில்லை. எழுத்தில் தப்பு வந்துவிட்டால் பட்டில் அழிக்க முடியாது. அதனால் பேர்களைப் பிள்ளைகளே சீட்டு எழுதி ஒட்டிக்கொள்ளட்டும் என்று விட்டேன். ஃப்ரேம் கடையில் கண்ணாடி போட்டு, பின்பக்கம் பிளைவுட் அடித்து, டாடா ஏஸ் வண்டியில் படுக்கவைத்து அனுப்பினேன்.

சோத்தாங்கைப் பக்கம் ரேஷன் கடை

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை அது பள்ளிக்கூடத்தில் இறங்கியது.

தலைமையாசிரியர் கை தட்டினார். நல்ல மனிதர். பள்ளிக்கு ஏதாவது வந்தால் சந்தோஷப்படுகிறவர். "ஐயா, மாவட்டத்துலயே எந்த ஸ்கூல்லயும் இது இருக்காது" என்றார். நாலாம் வகுப்பு மேசைமேல் அட்டை வரைபடம் இருந்தது. அதை இரண்டு பிள்ளைகளைத் தூக்கச் சொல்லி, சுவரோரம் நிறுத்தச் சொன்னார். அந்த இடத்தில் என் ஃப்ரேமைச் சாய்த்து வைத்தோம். மேசையில் ஒன்றுக்குத்தான் இடம். மலர்விழி டீச்சர் அட்டையிலிருந்து விழுந்த ஒரு பாதித் தீப்பெட்டியைக் குனிந்து எடுத்துப் புடவை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். "பளபளன்னு கீதுடா" என்றான் ஒருத்தன். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"பவித்ரா, ஒரு தடவை சொல்லிப் பாரும்மா. நாளைக்கு மேடம் வருவாங்க" என்றார் தலைமையாசிரியர்.

பவித்ரா முன்னால் வந்தாள். பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டுகிற மாதிரித் திரும்பி நின்று, தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"சார், ஸ்கூலை விட்டு வெளிய வந்தா ரேஷன் கடை சோத்தாங்கைப் பக்கம்."

"ஆமா."

"இதுல பீச்சாங்கைப் பக்கம் போயிடுச்சு."

மற்ற பிள்ளைகளுக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. "கோயிலும் மாறிடுச்சு." "மார்க்கெட்டு அந்தாண்ட போயிடுச்சுடா." "வேலூர் பஸ்ஸு ஆத்துக்குள்ள போவப் போவுது." சிரிப்பு வராந்தாவுக்குப் போய், மூன்றாம் வகுப்புக்குள் புகுந்து, அங்கிருந்து இரண்டு தலை எட்டிப் பார்த்தது.

எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. தறியில் முதுகைப் பார்த்து நெய்தேன். முகத்தை வெளியே வைத்து ஃப்ரேம் போட்டுவிட்டேன். நாற்பது வருஷம் மயில் நெய்தவனுக்கு ஊர் திரும்பிக்கொள்ளும் என்று தோன்றவே இல்லை.

ஆனால் நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. குறடு கொண்டுவரச் சொன்னேன். பிளைவுட் ஆணிகளை என் கையாலேயே பிடுங்கினேன். துணியை எடுத்துத் திருப்பி, முதுகை வெளியே வைத்தேன். அங்கங்கே நூல் தொங்கியது, சரிகை மங்கித் தெரிந்தது. ஆனால் ரேஷன் கடை சோத்தாங்கைப் பக்கம் வந்துவிட்டது.

"பாத்தியா? சரியாப் போச்சு" என்றேன்.

பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். அதுவும் உண்மைதான். ஒரே துணிக்குள் இரண்டு ஊர் இருந்ததை அவர்கள் பார்த்ததில்லை.

"இப்ப சொல்லும்மா" என்றார் தலைமையாசிரியர்.

பவித்ரா விரலை நீட்டினாள். நீட்டிய விரல் பட்டின் ஓரமாகவே போனது. அரக்கு பார்டர்மேல் கொஞ்ச தூரம் போய், நின்று, திரும்பி வந்தது.

"சார், நான் எங்க நின்னு ஆரம்பிக்கிறது?"

"எங்க வேணா ஆரம்பி."

"எங்க வூட்டு வாசப்படியில ஆரம்பிக்கணும் சார். இதுல எங்க வூடு இல்ல."

நான் பக்கத்தில் போனேன். "உன் வீடு எங்கம்மா?"

"ஏரிக்கரைக்கு அந்தாண்ட. காலனி."

"அங்க பார்டர் வந்துடுச்சு கண்ணு."

"பார்டருக்கு அந்தாண்டதான் நாங்க கீறோம், தாத்தா."

அவள் குரலில் ஒரு குறையும் இல்லை. வழி கேட்டவனுக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"பரவால்ல, பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிம்மா" என்றார் தலைமையாசிரியர். பவித்ரா பஸ் ஸ்டாண்டில் விரலை வைத்தாள். "இது பஸ் ஸ்டாண்டு" என்றாள். அதற்குமேல் வரவில்லை. மறுபடி முயற்சி செய்தாள். "இது பஸ் ஸ்டாண்டு. இங்க வந்து..." நிறுத்தினாள். இரண்டு வாரமாக அவள் மனப்பாடம் செய்தது ஒரு நடை. அதற்குத் தலை இல்லாமல் போய்விட்டது.

தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, நீ விடு. மார்க்கெட் பக்கத்துப் பிள்ளை யாராவது சொல்லட்டும்."

பவித்ரா கையை எடுத்துக்கொண்டாள். எல்லோருக்கும் பின்னால் போய் நின்றாள். அழவில்லை. அடிஸ்கேலால் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மலர்விழி டீச்சர் அப்போதுதான் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தலைமையாசிரியரைப் பார்த்துத்தான் சொன்னார். "அவங்கம்மா லீவு போட்டுட்டாங்க சார்."

சாப்பாட்டு மணி

சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் ஒருத்தன் மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். என் முழங்கால் நெஞ்சில் இடிக்கிற உயரத்தில் ஒரு பெஞ்சு.

எனக்கு உடனே நல்ல புத்தி வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். முதலில் நான் யோசித்தது, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நெய்து சேர்த்துத் தைத்துவிடலாமா என்றுதான். ஒரே நாளில் முடியாது. அடுத்தபடி, அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல பேனா செட்டு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று யோசித்தேன். பரிசு கொடுத்துச் சரிக்கட்டுவது எனக்குப் பழக்கம். கொடுக்கிற கைக்கு எல்லாம் அப்படித்தான் தோன்றும்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், சுவரோரம் நின்ற அட்டையை என் பக்கம் திருப்பினேன்.

நூலைப் பார்த்தால் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பது என் தொழில். பார்த்தேன். பச்சை, நீலம், ஊதா, மிளகாய்ப்பழச் சிவப்பு. பத்தொன்பது நூலில் பன்னிரண்டு நூல் ஒரே மூலையிலிருந்து வந்தது. நீலக் காகிதத்துக்கு அந்தப் பக்க மூலை. ஏரிக்கரை வரைக்கும் ஒரு கற்றையாக வந்து, அப்புறம்தான் பிரிந்தன. மார்க்கெட் பக்கத்திலிருந்து மூன்று, மற்ற தெருக்களிலிருந்து நாலு. எங்கள் தெருவிலிருந்து ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்பது எனக்கு ஏன் புதிதாக இருக்க வேண்டும்? எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் காலையில் மஞ்சள் வேனில் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். என் பேரப்பிள்ளைகளும்தான். வேனை நான் தினமும் பார்க்கிறேன். நான் கொடுத்த தட்டில் யார் சாப்பிடுகிறார்கள், அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று மட்டும் கேட்டதில்லை. தட்டு எத்தனை என்று கேட்டேன். எவர்சில்வரா என்று கேட்டேன்.

அந்தக் கற்றை என் மருந்துப்பெட்டி வீட்டுக்கு முன்னால் வரும்போது, பன்னிரண்டு நூலும் ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் போய், நாலு வீடு கடந்து திரும்ப இந்தப் பக்கம் வந்தது. ஒரு நூல்கூட நேராகப் போகவில்லை. அதைப் பிள்ளைகள் வேடிக்கைக்காக ஒட்டவில்லை. நடந்ததை ஒட்டியிருந்தார்கள்.

ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் நான் போனது எப்போது என்று நினைத்துப் பார்த்தேன். காரில் ஒரு தடவை, கரைமேலேயே போய்த் திரும்பியிருக்கிறேன். இறங்கியதில்லை. தொழில் விஷயமாகக் கண்ணமங்கலம் போயிருக்கிறேன், பெங்களூர் போயிருக்கிறேன், சூரத் போயிருக்கிறேன். சூரத்தில் எந்தச் சந்தில் நல்ல சரிகை கிடைக்கும் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

மொட்டை மாடியில் உட்கார்ந்து விரலை நீட்டியபோது அந்தப் பக்கமும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூரைகள் தெரியும், தண்ணீர்த் தொட்டி தெரியும். பார்த்துக்கொண்டேதான் பார்டர் போடச் சொன்னேன். இடம் வலம் மாறியது தறியின் குணம். அதைத் திருப்பினால் சரியாகிவிட்டது. இதை எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கே ஒன்றும் இல்லை.

தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். கையில் இன்னும் சாம்பார் ஈரம்.

"ஐயா, ஃப்ரேமுக்கு மாலை போடலாமா?"

"வேணாம். எடுத்துடுங்க."

"எதைங்க?"

"நான் கொண்டாந்ததை. கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது. படம் எடுத்தா சரியா வராது. உங்க ரூம்ல மாட்டிக்கோங்க. இந்த அட்டையே மேசைமேல இருக்கட்டும்."

"மேடம் வராங்க ஐயா. பட்டு வச்சா ஸ்கூலுக்கு ஒரு கௌரவம்."

"வெளிச்சம் அடிக்குதுன்னு சொல்றேன்ல?"

வகுப்புக்குள் அந்த நேரத்தில் வெயிலே இல்லை. அவருக்கும் அது தெரியும். புரவலர் சொன்னால் வெளிச்சம் அடிக்கத்தான் வேண்டும் என்று தலையாட்டினார். நான் செய்தது தப்பு என்று அன்றைக்கு என் வாயால் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

வெளியே வந்தபோது பவித்ரா குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீதான் சொல்லணும்" என்றேன்.

"எதுல, தாத்தா?"

"உங்களதுல."

தட்டை உதறிவிட்டு, ஈரக் கையோடு வகுப்புக்குள் ஓடினாள். "டீச்சர், அந்தத் தீப்பெட்டி" என்று அவள் கேட்பது எனக்குக் கேட்டது.

வாசப்படி

மறுநாள் கூட்டத்தில் நான் பின்னால் நின்றுகொண்டேன். நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காரவில்லை.

மற்ற வகுப்புகளிலும் நல்ல வேலைகள் இருந்தன, சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்பு, தொட்டாங்குச்சியில் முளைகட்டிய பயறு வளர்த்து, நாளுக்கு ஒரு கோடாக உயரம் குறித்திருந்தது. ஐந்தாம் வகுப்பு தண்ணீர் வடிகட்டி செய்திருந்தது. கல்வி அலுவலர் மேடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கொஞ்சம் வேகமாக வந்தார். அவருக்கு இன்னும் இரண்டு பள்ளிகள் இருந்தன.

பவித்ராவின் அம்மா வாசல் தூணோரம் நின்றாள். புருவத்தில் தவிட்டுத் தூசி. மில்லிலிருந்து நேராக வந்திருக்கிறாள். உள்ளே வாங்கம்மா என்று மலர்விழி டீச்சர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகு ஒரு அடி உள்ளே வந்தாள்.

"என் பேரு பவித்ரா. நான்காம் வகுப்பு." அட்டையின் மூலையில் மறுபடி ஒட்டியிருந்த பாதித் தீப்பெட்டியில் விரலை வைத்தாள். "இது எங்கள் வீடு. இங்கிருந்து நான் கிளம்புவேன்."

"எவ்ளோ தூரம்மா?" என்றார் மேடம்.

"ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினொரு தப்படி மேடம். மழை பெஞ்சா இன்னும் அதிகம். சுத்திகினு வரணும்."

விரல் மஞ்சள் நூல்மேல் நகர ஆரம்பித்தது. தண்ணீர்த் தொட்டி. அங்கே குழாய் உடைந்திருக்கிறது, அதனால் சேறு. புளியமரம். கோழிக்கடை. பிறகு ஏரிக்கரை. கரையில் ஏற பதினாறு தப்படி, இறங்க ஒன்பது தப்படி. இறங்கும்போது ஓடுவதால் குறைவு. ஒவ்வொன்றையும் புத்தகத் தமிழில் ஆரம்பித்து வீட்டுத் தமிழில் முடித்தாள்.

அரிசி மில்லில் விரல் நின்றது.

"இங்க எங்கம்மா திரும்பிடுவாங்க. இதுக்கு மேல நான் மட்டும் வருவேன்."

மேடம் திரும்பித் தூணைப் பார்த்தார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு முந்தானையால் புருவத்தைத் துடைத்தாள்.

இன்னும் பாதி வழி இருந்தது. தலைமையாசிரியர் பவித்ராவைப் பார்த்து, ஜல்தி என்று கையால் ஜாடை காட்டினார். மேடத்தின் டிரைவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பவித்ரா இரண்டையும் பார்த்தாள். விரலை எடுக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. ஒரு சந்தைக்கூட விடாமல், சோத்தாங்கைப் பக்கம் இருப்பதையும் பீச்சாங்கைப் பக்கம் இருப்பதையும் சொல்லிக்கொண்டே, பள்ளிக்கூட கேட் வரைக்கும் எங்கள் எல்லோரையும் நடத்திக் கூட்டிவந்தாள்.